கீழிருந்து மூன்றாவது படி

மனித குல வரலாற்றில் இதுவரை எவரும் வெளியிடத் துணியாத ஓர் உண்மையை, சுயநினைவோடும், எவருடைய வற்புறுத்தலும் இன்றியும், காலைச் சிற்றுண்டி முடித்த நிலையிலும், சகலருக்கும் இதன்மூலம் அறிவித்துக்கொள்கிறேன்: கடையில் வாங்கிய பரிசு எனக்குப் பிடிக்காது.

இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் காவல் ஆய்வாளர் அவர்கள், "விவரமா எழுதுங்க, ஆனா சுருக்கமா எழுதுங்க" என்று சொல்லி நான்கு வெள்ளைத் தாள்களைக் கொடுத்திருக்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்க அரசாங்க உத்தியோகம் வேண்டும். எழுதுகிறேன்.

முப்பத்தோரு வருடம் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தேன். பச்சையாகச் சொன்னால், நாற்காலி உடைப்பது என் வேலை. நூறு நாற்காலி வந்தால் ஒன்றைத் தனியே இழுத்து வைத்து, பத்துப் பத்துக் கிலோ மணல் மூட்டைகளாக ஏற்றிக்கொண்டே போவேன். ஒரு கட்டத்தில் அது உடையும். உடைவதற்கு முன்னால் மரம் ஒரு சத்தம் போடும், பெரிய மனிதர் பேச எழுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவது போல. அந்தச் சத்தத்துக்காகத்தான் முப்பத்தோரு வருடமும் நேரம் தவறாமல் வேலைக்குப் போனேன். பிறகு மிச்சமுள்ள தொண்ணூற்றொன்பதையும் கவிழ்த்து, அடியில் பென்சிலால் எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதி, தேதி போட்டு, சுருக்கொப்பம் இடுவேன். எழுதாமல் ஒரு மரத்தைக் கையை விட்டு அனுப்பியதில்லை. நேர்மை என்பது அப்படி ஒட்டிக்கொள்கிற வியாதி.

ஓய்வு பெற்ற நாளில் பொது மேலாளர் ஒரு பேருரை ஆற்றினார். "அன்புக்குரியவங்களுக்குக் கடையில வாங்கினதைக் குடுக்காதீங்க. உங்க கையால செஞ்சதைக் குடுங்க. எல்லாத்துக்கும் மேல, உங்க நேரத்தைக் குடுங்க" என்று ஒரு தாளைப் பார்த்து உருக்கமாகப் படித்தார். பக்கம் மாறியபோது உருக்கம் கொஞ்சம் தடைப்பட்டது. தாளைத் திருப்பியதும் தொடர்ந்தது. முடித்துவிட்டுக் கடையில் வாங்கிய சுவர்க் கடிகாரம் ஒன்றை என் கையில் திணித்து, தேநீர் வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். நேரம் இல்லையாம்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். அன்று அந்த ஊராக உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் வாங்கிவிட்டேன்.

முதல் பரிசு என் மனைவிக்கு. அவள் தையல்காரி. முன்னறையில் இரண்டு தையல் இயந்திரங்கள், ஓயாத வேலை. ஒரு அழகான கால்மணை செய்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"என்னங்க, ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேணாம். உனக்கு நேரம் குடுக்கறேன்."

"கொஞ்சம் தள்ளி உக்காந்து குடுங்க. வெளிச்சம் மறைக்குது."

அடுத்து மகள். எங்களுக்கு ஒரே மகள், மாடியறையில் இருக்கிறாள். கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை. பொடி எழுத்தைக் காட்டி 'படிங்க' என்று சொல்கிறவள். அவளுக்குப் புத்தக அலமாரி, நிலைக்கண்ணாடிச் சட்டம், துணி மாட்ட ஒரு மரம் என்று வரிசையாகச் செய்து கொடுத்து, வேலை முடிந்து அவள் வந்ததும் கட்டில் ஓரத்தில் போய் உட்காருவேன். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க குடுக்கற நேரத்தை என்னோட நேரத்துலேர்ந்துதானேப்பா எடுக்கறீங்க?"

என் மூக்கு, அவள் அம்மாவின் வாய். பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் கீழே இறங்கி வந்துவிட்டேன். மூன்று மாதத்தில் வீட்டில் ஆளைவிட நாற்காலி அதிகமாயிற்று. ஒவ்வொன்றிலும் மாறி மாறி நானே உட்கார்ந்து பார்த்தேன். நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்க ஆளில்லாமல் நிற்பது, பந்தி முடிந்தபிறகு கரண்டியோடு நிற்பது மாதிரி.

இந்த நிலையில்தான் மச்சினர் எங்கள் வாழ்வில் விழுந்தார். மனைவியின் தம்பி; தனிக்கட்டை. குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் மொத்தம் ஒன்பது வீடு. அதில் இரண்டு பூட்டிக் கிடக்கிறது. ஆனாலும் தெருவில் எல்லோரும் அவரைத் 'தலைவர்' என்றே கூப்பிடுவார்கள், முக்கியமாக அவர். நின்றால் உரை, உட்கார்ந்தால் கருத்து. அவருடைய கருத்துகளுக்காகவே கை வைத்த நாற்காலி ஒன்று செய்தேன். பசை காய இருபத்து நான்கு மணி நேரம் ஆகும். அவர் ஒன்பது மணி நேரத்தில் வந்துவிட்டார்.

"அத்தான், ஒரு மனுஷனோட தகுதி அவன் எங்க உக்காருறான்கிறதுல இருக்கு" என்றபடி உட்கார்ந்தார். தகுதியோடு தரைக்குப் போனார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு.

இது விபத்து. எந்த நாற்காலியின் மீது வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

ஆய்வாளர் அவர்களே, அதற்குப் பிறகு வந்த ஆறு வாரங்களை நான் எப்படி விவரிப்பேன்? பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அவரை எங்கள் வீட்டுப் பின்னறையில் படுக்க வைத்தோம். காலில் மாவுக்கட்டு. எங்கேயும் போக முடியாது. காலை எட்டு மணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், மாலை ஆறு மணி வரை அவருக்கு நேரம் கொடுப்பேன். முதல் நாள் அவர் பேசினார். இரண்டாம் நாள் நான் பேசினேன். மூன்றாம் நாளிலிருந்து அவர் பேசவில்லை. என் முப்பத்தோரு வருட அனுபவத்தையும் வருடவாரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பத்தொன்பதாம் வருடத்தில் மடக்கு நாற்காலிகள் அறிமுகமான கட்டம் வந்தபோது அவர் கண்ணில் நீர் திரண்டது.

"அக்கா" என்று உள்பக்கம் திரும்பி மெல்லக் கூப்பிட்டார். "கொஞ்சம் இங்க வாயேன். சும்மாதான். வந்து நில்லு."

அவளும் வந்து நின்றாள். மகளும் சாப்பாட்டுத் தட்டோடு அங்கேயே வந்தாள். நால்வரும் ஒரே அறையில், ஒரே விளக்கின் கீழே. அவரவர் வேலை, அவரவர் கதவு என்றிருந்த வீடு அது. மச்சினரின் ஒரு எலும்பு எங்கள் எல்லோரையும் ஒன்று சேர்த்தது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பது பழமொழி. எங்கள் வீட்டில் தம்பியும் உதவினார், அடியும் உதவியது. படுக்கப் போகும்போது எனக்கு உண்மையிலேயே சிரிப்பு வரும். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பேன்.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று டாக்டர் அவரை மெதுவாக நடக்கச் சொன்னார். ஓடக்கூடாது என்று சொல்லவில்லை. கால்மணி நேரத்தில் பையோடு போய்விட்டார். அதன்பிறகு எங்கள் வீட்டு வாசற்படி ஏறியதில்லை. வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியேதான் அக்காவோடு பேசுவார், இயந்திரத்தை அணைக்காமல். பின்னறை காலியாயிற்று. மனைவி இயந்திரத்துக்குத் திரும்பினாள், மகள் மாடிக்கு.

அடுத்து மனைவிக்கு ஒரு முக்காலி செய்தேன். அதைப் பொறுத்தவரை, பசை காய்ந்திருந்தது.

நன்றாகவே காய்ந்திருந்தது. தைக்கும்போது உட்கார வாகாக, இடுப்பு வலிக்காத உயரத்தில், நான் இதுவரை செய்தவற்றிலேயே அழகான முக்காலி. ஒரு காலின் முனையை மட்டும் இருக்கைக்குள் இறங்கும் இடத்தில் உளியால் சற்று மெலிதாக்கியிருந்தேன். நாலு மாதம் தாங்க வேண்டும் என்பது கணக்கு. கையில் நிறைய வேலை வைத்திருந்தாள், அது முடியட்டும் என்றுதான். எனக்கும் இரக்கம் உண்டு. ஆனால் மூன்று மாதம் இருபத்தாறாவது நாளே போய்விட்டது. நடுவில் இரண்டு கிலோ கூடியிருந்ததை அவள் என்னிடம் சொல்லவில்லை. தம்பதிகளுக்குள் ஒளிவுமறைவு இருந்தால் இப்படித்தான் ஆகும்.

வலது மணிக்கட்டு. ஊன்றி விழுந்தாள்.

"ஒரே வீட்டுல ரெண்டாவது ஆளா?" என்றார் எலும்பு டாக்டர், படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி.

"ஆமாங்க. நீங்க ரெண்டு பேரையும் நல்லாப் பாத்துக்கிட்டீங்க. உங்களுக்கு ஒரு நாற்காலி செஞ்சு தரட்டுமா?"

"வேணாம்" என்றார், நான் கேட்டு முடிக்கும் முன்பே.

ஊட்டிவிட்டேன். தலை வாரிப் பின்னினேன். முதல் வாரம் கோணலாக வந்தது, மூன்றாவது வாரத்தில் கை பழகிவிட்டது. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. ஒருநாள் நான் சீப்பை வைத்துவிட்டு நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கியபோது அவள் என்னையே பார்த்தாள்.

"நீங்க நல்லாத்தான் பாத்துக்கறீங்க" என்றாள். "அதான் பயமா இருக்கு."

கட்டுப் பிரித்தபிறகு மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. ஊசியில் நூல் கோக்க வரவில்லை. துணியை நேராக நகர்த்த வரவில்லை. இது என் கணக்கில் இல்லாத விஷயம். இரண்டு இயந்திரங்களும் இப்போது உறை போட்டு நிற்கின்றன. ஆனால் ஒன்று யோசிக்க வேண்டும்: அவளுக்கும் இப்போது நிறைய நேரம் இருக்கிறது. நல்லது சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் வரும்.

அப்போதுதான் மகளுக்குக் கடிதம் வந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் போக வேண்டிய ஊரில், பெரிய கண் மருத்துவமனை. நல்ல வேலை. கடிதத்தைப் படித்தபோது அவள் குரல் நடுங்கியதை, பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன். மூன்று வாரத்தில் கிளம்ப வேண்டும். சனிக்கிழமை, பதினொரு மணி வண்டி.

"சந்தோஷமாப்பா?" என்று கேட்டாள்.

"ரொம்ப" என்றேன். ஒரு மடக்கு நாற்காலி செய்யத் தொடங்கினேன்.

ஆனால் அவள் உட்காரவில்லை. அம்மாவின் மணிக்கட்டுக்குப் பிறகு நான் செய்த எதிலும் அவள் உட்காருவதில்லை. எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கி வந்து போட்டுக்கொண்டாள். பிளாஸ்டிக், முப்பத்தோரு வருடம் மரத்தோடு வாழ்ந்தவன் வீட்டில்.

"உக்காரும்மா. உனக்காகத்தான் செஞ்சேன்."

"தெரியும்ப்பா. அதான் நிக்கறேன்."

அவளிடம் எனக்குக் கோபம் இல்லை. உட்காராதவளுக்கு உட்காருகிற பரிசு கொடுத்தது என் தவறு. உட்காருவதை ஒருவர் தவிர்க்கலாம். மாடியில் இருப்பவள் இறங்குவதைத் தவிர்க்க முடியாது.

எங்கள் வீட்டு மாடிப்படி மரத்தாலானது. பதினான்கு படி, எல்லாம் பழசு. மகள் ஊருக்குப் போவதற்குள் வீட்டுக்கு என் கையால் புதுப்படி போட்டுத் தருகிறேன் என்று அறிவித்தேன். ஒன்பது நாள் வேலை. பதிமூன்று படிகளும் தலா முந்நூறு கிலோ தாங்கும். பின்னால் குடிவருகிறவர்கள் யானை வளர்த்தாலும் மாடியில் கட்டலாம்.

கீழிருந்து மூன்றாவது படி மட்டும் எழுபது கிலோ.

அந்த எழுபதைக் கொண்டுவரப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பலகையின் அடிப்பக்கம் குறுக்கே ரம்பத்தால் கீறல் போட வேண்டும். ஆழம் ஒரு நூல் கூடினால் அறுபதிலேயே போய்விடும், குறைந்தால் தொண்ணூறு வரை நிற்கும். பின்முற்றத்தில் மணல் மூட்டை ஏற்றி ஆறு பலகைகளை உடைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் தொண்டையைச் செருமும்போது, இளமை திரும்பியது போல உடம்பெல்லாம் ஒரு துள்ளல். ஏழாவது பலகை சரியாக வந்தது. அன்று மாலை நான் பாடிக்கொண்டே குளித்ததாக மனைவி சொல்கிறாள்.

மகள் ஐம்பத்திரண்டு கிலோ. மனைவி அறுபத்துமூன்று. நான் அறுபத்தாறு. யாரும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம், படி அசையாது. மகளின் பெட்டி இருபத்துமூன்று கிலோ. புதன்கிழமை கேட்டுத் தெரிந்துகொண்டேன். மகளும் பெட்டியும் சேர்ந்தால் எழுபத்தைந்து. அதாவது, இருப்பதற்குத் தடையில்லை. போவதற்குத்தான். இதைவிட மென்மையாக ஒரு தகப்பன் 'போகாதே' என்று சொல்ல முடியுமா என்பதை ஆய்வாளர் அவர்கள் யோசிக்க வேண்டும். இடையில் இருந்த மூன்று நாளும் மாடிக்குப் போக வேண்டிய துணி, தண்ணீர் எல்லாவற்றையும் மற்றவர்களைத் தூக்க விடாமல், மூன்றாவது படியைத் தாண்டித் தாண்டி நானே சுமந்தேன். "அப்பா மாறிட்டாரும்மா" என்று மகள் சமையலறையில் சொன்னது என் காதில் விழுந்தது.

இன்னொன்றும் குறித்துக்கொள்ளவும். மேலிருந்து மூன்றாவது படியாகவும் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. கீழிருந்து மூன்றாவது என்றால் கணுக்கால்தான் போகும், கழுத்து போகாது. நான் என்ன மிருகமா?

சனிக்கிழமை காலை, அதாவது இன்று, ஏழு மணிக்கு எல்லாம் தயார். பின்னறையில் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டேன். காலைத் தூக்கி வைக்க ஒரு தலையணை. பக்கத்தில் தண்ணீர்க் கூஜா, கட்டுத்துணி, என் நாற்காலி. மகளுக்கு முதல் வருடத்திலிருந்து சொல்வதா, நேராக மடக்கு நாற்காலிக்கு வருவதா என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். மாடியில் கதவு திறந்தது. பெட்டியின் சக்கரம் உருண்டது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். பதினான்கு, பதின்மூன்று, பன்னிரண்டு. என் நெஞ்சு கல்யாண மாப்பிள்ளைக்கு அடிப்பது போல அடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் தலைவர் உள்ளே வந்தார். ஒரு வருடமாக வாசலைத் தாண்டாதவர். மருமகளை வழியனுப்ப வேண்டுமாம், பாசம்.

"என்னம்மா இது, நீயா தூக்கறே? மாமா எதுக்கு இருக்கேன், விடு" என்றபடி படியில் ஏறினார்.

"வேணாம் மாமா, உங்க கால்—"

"காலா? வாழ்க்கைன்னா என்ன தெரியுமா? ஒவ்வொரு படியா, உறுதியா, காலை ஊன்றி—"

மூன்றாவதில் ஊன்றினார். தொண்டையைச் செருமியது அவரா படியா என்று சரியாகத் தெரியவில்லை. அவர் மட்டுமே தொண்ணூற்றாறு கிலோ. அதே கால். முன்பு முறிந்த இடத்துக்குச் சற்று மேலே, டாக்டர் சொல்வதைப் பார்த்தால் இந்தமுறை இரண்டு இடத்தில்.

மகள் பெட்டியைப் படியிலேயே வைத்துவிட்டு, உடைந்த இடத்தைத் தாண்டிக் குதித்து இறங்கினாள். மாமாவைத் தூக்கிப் படுக்க வைக்கப் பின்னறைக் கதவைத் திறந்தவள் அங்கேயே நின்றாள். புது விரிப்பையும் கட்டுத்துணியையும் தலையணையையும் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, உடைந்த பலகையில் ஒரு துண்டை எடுத்துக் கவிழ்த்தாள். பென்சில் எழுத்து பொடியாகத்தான் இருந்தது. பொடி எழுத்து அவள் தொழில்.

"எழுபது" என்று படித்தாள். பக்கத்துப் படியின் அடியில் குனிந்து பார்த்தாள். "முந்நூறு." அதற்கு மேலே இருந்ததையும் பார்த்தாள். "முந்நூறு."

துண்டை என் முன்னால் நீட்டினாள்.

"புதன்கிழமை என் பெட்டி எவ்ளோ எடைன்னு கேட்டீங்களேப்பா."

"கேட்டேன்மா."

"எதுக்குப்பா?"

"உனக்கு நேரம் குடுக்கலாம்னு."

மனைவி சுவரோரம் நின்றிருந்தாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என் முக்காலியிலயும் எழுதியிருந்தீங்களா?"

"எழுதாம குடுப்பேனா?"

"நான் கவுத்துப் பாக்கவே இல்லையே" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. காவல் நிலையத்துக்குப் போன் செய்தது அவள்தான். எண்களை இடது கையால் அழுத்தினாள்; கொஞ்சம் நேரம் பிடித்தது.

ஆக, ஒப்புக்கொள்கிறேன். முக்காலியின் காலை மெலிதாக்கியவன் நான். படியைக் கீறியவன் நான். முதல் நாற்காலியில் பசை காயவில்லை என்பது தெரிந்திருந்தும் மச்சினரை "உக்காருங்க" என்று சொன்னவனும் நான்தான். மேலே விபத்து என்று எழுதியதை அடிக்க மனமில்லை, தாள் அசிங்கமாகிவிடும். வருத்தம் உண்டா என்று ஆய்வாளர் கேட்டார். உண்டு. தொண்ணூற்றாறு கிலோவைக் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

மற்றபடி, எழுத எழுத மனம் லேசாகிக்கொண்டே வருகிறது. வழக்கு என்று வந்தால் குறைந்தது நான்கு வருடம் இழுக்கும் என்கிறார்கள். வாய்தாவுக்கு வாய்தா சாட்சிகள் வரவேண்டுமாம். மகள்தான் முதல் சாட்சி. வராமல் இருக்க முடியாது. மனைவியும் வருவாள், மச்சினரைச் சக்கர நாற்காலியில் கூட்டி வருவார்கள். நீதிமன்ற வராந்தாவில் நால்வரும் ஒரே பெஞ்சில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருப்போம். கூப்பிடும் வரை யாரும் எழுந்து போக முடியாது. நான்கு வருடம். எந்தத் தகப்பனுக்குக் கிடைக்கும்? இன்னும் இரண்டு தாள் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன்.

தாள் கொண்டுவந்த காவலரிடம், "என் பொண்ணு வெளியில காத்துக்கிட்டிருக்காளா?" என்று விசாரித்தேன்.

"இல்லீங்க. அவங்க ஒம்பது மணிக்கே எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டாங்க. அது போதும்னு அய்யா அனுப்பிட்டாரு."

மகள் பதினொரு மணி வண்டியில் போய்விட்டாள். பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை.